நாற்பது உறைகள் கிடக்கும் இடம்

9-1-84
குவைத்திலிருந்து இவருடைய கடிதம். வீட்டின் முன்னால் கார் நிறுத்த இடம் விட்டாயா என்று நாலு தடவை கேட்டிருக்கிறார். கார் எங்கே? குடியிருப்பவனுக்கே மண் என்ற குடிகிடப்புச் சட்டத்தில் மாமனாருக்கு நிலச்சொந்தக்காரரான ஜன்மியிடமிருந்து கிடைத்த பத்து சென்ட். அதில் இரண்டு மாடி, வராத காருக்கு ஓர் இடம். அதற்காக நவம்பரில் முன்னால் நின்ற தென்னையையும் வெட்டச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் கோட்டுகாலில் அத்தனை உயரத்துக்கு வேறு தென்னை கிடையாது. இன்னும் திருப்தி இல்லை மனுஷருக்கு.

கடைசி வரி வழக்கம்போல: வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார். விடமாட்டேன். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினால்தான் நான் சுகுமாரி. மற்ற நேரமெல்லாம் சோமனின் பெண்டாட்டி.

12-1-84
ஆபீசில் புது ஃபைல். விசைப்படகுகள் வலையை இழுத்து இழுத்து, மீன் அண்டும் பாறைகளையெல்லாம் சிதைத்துவிட்டன. அதனால் எங்கள் கரைக்காரர்கள் கிணற்று உறைகளில் கல் நிரப்பிக் கடலில் இறக்கி, புதிதாகப் பார் (கடலடிப் பாறைக்கு இவர்கள் சொல்லும் பேர்) உண்டாக்குகிறார்கள். அங்கே பாசி பிடிக்கும், மீன் கூடும். முதல் நாற்பது உறைக்குப் போன ஏப்ரலில் எங்கள் அறக்கட்டளை பணம் கொடுத்தது. அடுத்த அறுபதுக்கும் கொடுக்கலாமா என்று நான் பார்த்து எழுத வேண்டும்.

"உறையெல்லாம் விலைக்குப் போய்க் கல்ஃப்காரன் வீட்டுக் கிணற்றில் கிடக்கும், கவனமாகப் பார்" என்றார் டைரக்டர். சிரிக்கவில்லை.

20-1-84
கரையில் காலையிலிருந்து வெயில். வள்ளத்தில் பெண்ணை ஏற்றமாட்டார்களாம். விழிஞ்ஞத்திலிருந்து வந்த சிப்பி எடுக்கிறவர்கள் இரண்டு பேர், வள்ளக்காரர்கள் காட்டிய பதினோரு இடத்தில் முங்கிப் பார்த்தார்கள். வெறும் மணல்.

வள்ளக்காரர் கமிட்டிச் செயலாளர் யோவான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டால், "அங்ஙனதான் உண்டு சாரே, அங்ஙனதான் உண்டு" என்று கடலைக் கைகாட்டுகிறார். எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். வள்ளத்தின் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

21-1-84
ஆளைப் பார்த்தால் கள்ளன் மாதிரி இல்லை. கள்ளன் எப்போது கள்ளன் மாதிரி இருந்தான்?

27-1-84
'தடயம் ஏதும் காணப்படவில்லை' என்று வீட்டில் உட்கார்ந்து அறிக்கை வரைவை எழுதி முடித்த நேரத்தில் யோவானும் மனைவி ரத்னபாயும் வந்தார்கள். அந்த அம்மாள்தான் இழுத்து வந்திருக்கிறாள். அவர் உள்ளே வராமல், கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒரு பார் இருக்கும் இடத்தைக் கரையில் தெரியும் சர்ச் சிலுவை, உயர்ந்த மரம் போன்ற அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதை வெளியாளிடம் சொல்லமாட்டார்கள். மகனுக்குக்கூட, துடுப்பு பிடித்த பிறகுதான்.

கடைசியில் யோவானே சொன்னார்: "பள்ளிக் குரிசுக்குப் பொறவால நேரா ஒங்க தெங்கு வரணும் மக்கா. அதாக்கும் அடையாளம். நீங்க முறிச்ச அண்ணு நான் ரோட்டுல நிண்ணு பாத்துட்டுதான் இருந்தேன். போய்ச் சொல்லும்னு இவ சொன்னா. சொன்னா ஊரு முச்சூடும் அறியும்லா. மிண்டாம நிண்ணுட்டேன்."

எனக்கு வந்த கோபம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு மணி நேரம் வெட்டினார்கள். அத்தனை நேரமும் நின்று பார்த்திருக்கிறார். கத்திவிட்டேன். ரத்னபாய் தலை குனிந்துகொண்டாள். பிறகுதான் தோன்றியது — வெட்டச் சொன்னது நான் அல்லவா?

28-1-84
பார் இல்லை என்று எழுதினால் யோவான் கள்ளன், அறுபது உறையும் வராது, இந்தக் கரைக்கு இனி யாரும் எதுவும் தரமாட்டார்கள். இருக்கிறது என்று எழுதினால் நான் காணாததை எழுதுகிறேன். நடந்ததை எழுதினால்? தானே கெடுத்த வேலையைத் தானே மதிப்பிட வந்தவள் என்பார்கள். வேலையும் பஸ்ஸும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். போயும் போயும் என் வீட்டு முற்றத்திலா நிற்க வேண்டும் அந்தத் தென்னை?

31-1-84
தூக்கமில்லை. இவருடைய அம்மா, மாமி தங்கபாய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

2-2-84
கொத்தனாரை விட்டுக் கார் நிறுத்தப் போட்ட புதுத் தரையை உடைத்தேன். தென்னையின் குற்றி நின்ற அதே இடத்தில், மூன்று கமுகு மரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டி, கடலிலிருந்து தெரிய உச்சியில் இவருடைய கல்யாண வேட்டி. "எடி, சோமன் கேட்டா நான் என்ன சொல்லட்டு?" என்று மாமி அழாத குறை. நான்தான் செய்தேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

கரைக்கு ஓடினேன். வள்ளம் வெகுதூரத்தில் இடமும் வலமுமாக நகர்ந்து, நின்றது. முதல் முங்கிலேயே ஒருவன் கையை உயர்த்தினான். அவன் கொண்டுவந்த சிமெண்டுச் சில்லில் விரல் நுழைய இடமில்லாமல் சிப்பிக்குஞ்சு. முப்பத்தெட்டு உறை எண்ணினார்கள், இரண்டு மண்ணில் புதைந்திருக்கும். கலவா மீன் கூட்டமாகக் கிடக்கிறதாம். யோவான் கரையேறி மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

6-2-84
எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். தென்னை, நான், கமுகு, வேட்டி. டைரக்டர் இரண்டு தடவை வாசித்தார். அந்த ஒரு பத்தியை எழுதாமல் விட்டிருக்கலாமே அம்மா என்றார். விட்டால் யோவான் ஏன் பதினோரு இடத்தில் மணலைக் காட்டினார் என்பதற்குப் பதில் இல்லையே என்றேன்.

20-2-84
அறுபது உறைக்கும் அனுமதி வந்தாயிற்று, மறு பரிசோதனைக்குப் பிறகு பணம். என் ராஜினாமாவும் ஏற்கப்பட்டது. நானாகக் கொடுத்ததாம்.

5-3-84
இவருக்கு ஒரே சந்தோஷம். 'என் பேச்சைக் கேட்டு வேலையை விட்டாயே' என்று எழுதியிருக்கிறார். கமுகைப் பற்றி மாமி இன்னும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

11-4-84
மறு பரிசோதனைக்குக் கனகதாஸ் என்று புது ஆள். வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டு, வெயிலில் சிவந்த முகத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அடையாளக் கம்பு நிற்கும் வீட்டையும் விசாரிக்க வேண்டுமாம். காற்றில் கட்டு தளர்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான்தான், தினமும், அதனால் ஒரு நாள்கூட வெளியூர் போவதில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

கேள்வித்தாள் நான் இரண்டு வருஷம் முன்பு தயாரித்தது. என் எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது. பதினொன்றாவது கேள்வி: 'இத்திட்டத்தால் பெண்களின் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம் என்ன?'

வேலை போயிற்று என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நல்ல பிள்ளைதான். பிறகு 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டாவது கேள்விக்குப் போனார்.