உப்புக்கு மேலே கிடந்த தண்ணீர்

1943 ஜூலை 12, திங்கள்

விடியலில் எழும்பிய கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. வாய் திறந்தால் மண். உப்பு வாவி முழுக்க நுரை. வவுணதீவிலிருந்து வரும் தண்ணீர்த் தோணி நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

மத்தியானம் பிள்ளைப்பேற்று வார்டுக்குப் போனேன். தாதி கிரேஸ் மிஸ்ஸி தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறாள். தாய்மாருக்குக் குடிக்க மட்டும். கழுவல் துடையல் எல்லாம் உப்புத் தண்ணீரில்.

"ஓவசியர் ஐயா, இந்த மாதம் முடியிறதுக்குள்ள கிணறு இல்லாட்டி வார்டைப் பூட்டச் சொல்லிப்போட்டாங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வார்டு வளவில் ஏற்கெனவே இரண்டு கிணறு, இரண்டும் என் மேற்பார்வை. இரண்டிலும் முதலில் நல்ல தண்ணீர். தண்ணீர் காணாது என்று இன்னும் ஆழமாக்கினோம். சில நாளில் உப்பு. எனக்குக் கைராசி இல்லை என்று ஊரில் கதை. சந்தையில் என் காதுபடவே சொன்னார்கள்.

நாளை ரயில் கோச்சியில் கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் வருகிறார். நிலத்துக்குள் மின்சாரம் விட்டுத் தண்ணீர் பார்க்கிற பெட்டியோடு. யுத்த வேலைக்கு வந்த பெட்டியாம். கொஞ்ச நாளைக்கு இரவல்.

என் மனைவி கமலம் இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஜூலை 13, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிவு. கோச்சி சுணக்கம்.

எஞ்சினியர் பெயர் ரணசிங்க (இனி ர.). கண்டிப் பக்கம். மெலிந்த ஆள், வயது முப்பதுக்குள். தமிழில் மூன்று சொல்தான் தெரியும்: தண்ணி, உப்பு, சரி. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசினோம். பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார். மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

நாளைக்குத் தேவை:
இரும்பு முளை நாலு (அவரிடம் உண்டு)
கம்பி தூக்க, முளை அடிக்க ஆட்கள்
மரச் சுத்தியல்
வாளி
குடை. பெட்டிக்கு. எங்களுக்கு இல்லை.

ஜூலை 14, புதன்

வார்டு வளவில், வேலியோரமாக முதல் அளவை.

ர. விளங்கப்படுத்தியதை எனக்காக எழுதி வைக்கிறேன். நாலு முளையை நேர்கோட்டில், சம இடைவெளியில் அடிக்க வேண்டும். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் வெளி முளை இரண்டு வழியாக மின்சாரம் நிலத்துக்குள் போகும். உள் முளை இரண்டும் நிலம் அதை எவ்வளவு மறிக்கிறது என்று சொல்லும். ஊசி ஒரு எண்ணைக் காட்டும். முளைகளை அகட்ட அகட்ட, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். காய்ந்த மணல் மின்சாரத்தை விடாது. எண் மிகப் பெரிது. நல்ல தண்ணீர் ஊறிய மணல் நடுத்தரம். உப்புத் தண்ணீர் தாராளமாக விடும். எண் தரையோடு தரை.

மணல் காய்ந்து கிடப்பதால் முளை அடித்த இடத்தை நனைக்க வேண்டும். வாவித் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினோம். உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை, வெளியே நாங்கள் நிலத்துக்கு வார்க்கிறோம். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன நினைத்தார்களோ.

முடிவு: எங்கும் சிறிய எண். முதல் அளவிலிருந்தே உப்பு. வெயிலில் நாள் முழுக்க நின்று இதைத்தான் கண்டோம். ர. முளைகளைப் பிடுங்கினார். நான் கம்பியைச் சுருட்டினேன். தண்ணீர்த் தோணி வந்ததொன்றே ஆறுதல்.



ஜூலை 15, வியாழன்

காலையில் ர. ஓடாத குறையாக வந்தார். படுக்கையில் கிடந்து யோசித்தாராம். மேலே கிடப்பது காய்ந்த மணல். கையில் அள்ளினால் உதிர்கிறது. முளைகள் கிட்டக்கிட்ட இருக்கும்போதாவது எண் பெரிதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் மின்சாரம் மணலால் போகவில்லை, வேறெதனாலோ போயிருக்கிறது.

வேலியைக் காட்டினார். முள்ளுக்கம்பி, இரும்புத் தூண்கள், எல்லாம் மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது. எங்கள் கோடு அதோடு ஒட்டி, அதே திசையில். மின்சாரத்துக்கு நாங்களே றோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும். இந்தக் கிழமையில் முதல் சிரிப்பு.

பிறகு வேலியை விட்டு விலகி, வாவிக்கரையிலிருந்து கடல் பக்கமாக இடம் இடமாக அளந்தோம். வாவியோரம் உண்மையாகவே உப்பு. என் பழைய கிணறுகளுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது, ஆனால் மெல்லிசு. மேட்டில் ஏற ஏற எண் நன்றாகிக்கொண்டே போனது. ர. வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு தென்னந்தோட்டத்து ஓலை வேலி வந்து மறித்தது. உள்ளே போக வேண்டும், மேடு அங்கேதான், யாருடைய காணி என்று கேட்டார்.

என் தங்கச்சியுடையது என்றேன். அப்படியானால் கஷ்டமில்லை என்றார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஜூலை 16, வெள்ளி

பூரணத்தோடு பேச்சு நின்று ஆறு வருஷம். அவள் பறங்கித் தெரு இரும்புக் கொல்லன் பஸ்தியானைக் கட்டியதில் தொடங்கியது. அம்மா அதற்குப் பிறகும் எங்கள் ஊர் முறைப்படி தோட்டத்தை மகளுக்கே எழுதினார். அம்மாவின் செத்த வீட்டில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதோடு சரி.

காலையில் போனேன். தனியாக. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஏனென்று தெரியாமல். வாசல் கடப்படி வேலியில் கை வைத்து நின்றேன். பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. பஸ்தியான் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவள் வந்தாள். மெலிந்து போயிருக்கிறாள். அம்மாவின் நெற்றி.

"ரெண்டு நாளா நீங்க கம்பி இழுக்கிறதப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன்," என்றாள். "இப்ப பெட்டிக்காக வந்தீங்களா அண்ணன், எனக்காகவா?"

"பெட்டிக்காக," என்றேன்.

கடப்பைத் திறந்தாள்.

"பொய் சொல்லயில்ல. அது போதும். உள்ள வாங்க."

வார்டுக்குத் தண்ணீர் தேவை என்பதையும், பூட்டப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். முழுவதையும் கேட்கவில்லை. இடையில் மறித்து, "என்ட மூத்த புள்ள மாட்டு வண்டிக்குள்ளதான் பிறந்து செத்துது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, பாலத்தடிக்குக் கூடப் போய்ச் சேரயில்ல. அண்டைக்கு இந்த வார்டு இல்ல," என்றாள். அழவில்லை. "எங்க வேணுமெண்டாலும் முளையை அடிங்க. தண்ணி வந்தா வார்டுக்குத்தான்."

எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரியாது. அந்த வருஷம் நான் செங்கலடிக்கு அங்கால், றோட்டு வேலையில். வீட்டுக்கு வந்து கமலத்திடம் கேட்டேன். அவளுக்குத் தெரியும். என்னிடம் பூரணத்தின் பெயரை எடுக்கப் பயமாக இருந்ததாம்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூலை 17, சனி

தோட்டத்தில் அளவை. காற்றில் தென்னோலைச் சத்தம் தாங்காமல், எண்ணை ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் மிகப் பெரிய எண், காய்ந்த மணல். அகட்டினோம், இறங்கியது. மறுபடி அகட்டினோம். நின்றது. இன்னும் அகட்டினோம். நின்றது. ர. கைப்பிடியைச் சுற்றியபடி தமிழில் "தண்ணி, தண்ணி" என்றார். இன்னும் வெகுதூரம் அகட்டிய பிறகுதான் தடாலென்று விழுந்தது. அங்கே உப்பு.

மணலில் குந்தியிருந்து குச்சியால் படம் கீறினார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இந்த மேடு. மழைத் தண்ணீர் மணலால் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, பருப்பு மாதிரி. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. நான் தோண்டிய இரண்டும் ஓரத்தில். முதலில் கண்டது நல்ல தண்ணீர்தான். ஆழமாக்கியபோது அதைத் தாண்டி உப்பைத் திறந்துவிட்டோம்.

காரணம் கைராசியும் இல்லை, ஒருவருடைய கண்ணூறும் இல்லை. பருப்பின் ஓரம். இந்தப் பக்கத்துக் கிணறு எல்லாம் ஆழத்துக்குத்தான் நல்லது என்று படித்தவர்களும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது.

ஆடி மாதத்தில் இவ்வளவு இருந்தால் எந்த மாதத்திலும் இருக்கும் என்கிறார் ர. ஒரே நிபந்தனை: தண்ணீர் கண்டபின் அது முழங்காலுக்கு மேல் போகும் வரை மட்டும் தோண்டு. யார் சொன்னாலும் அதற்குக் கீழே போகாதே. பம்பு வைக்காதே, வாளியால் அள்ளு.

ஜூலை 19, திங்கள்

ர. போய்விட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பூரணம் இளநீர் கொடுத்து அனுப்பினாள். இனி எல்லாம் என் தலையில்.

யுத்தத்தால் சீமெந்து வளையம் கிடைக்காது. பனம் பலகையைச் சுற்றி நிறுத்தி இரும்பு வளையம் போட்டு இறக்கலாம் என்று பஸ்தியான் பூரணம் மூலம் சொல்லியனுப்பினான். சரி என்று நானும் பூரணம் மூலம் சொல்லியனுப்பினேன். ஒரே வளவுக்குள் நின்றுகொண்டு.

ஜூலை 22, வியாழன்

எண்ணெய் பூசிய கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணல்.

கிணறு வெட்ட வந்தவர் காத்தான்குடி காசிம், அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா. மணல் கிணற்றில் பழகியவர். காலையிலிருந்து நன்றாகப் போனது. ஈர மணல் வந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன், அடுத்த பலகை வரிசையை இறக்குமுன், மேற்குப் பக்கம் அப்படியே சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டை அவிழ்ந்த மாதிரி. பார்த்தால் காக்கா நெஞ்சு வரை மணலுக்குள். முகம் வெள்ளை.

நான் விளிம்புக்கு ஓடப் போனேன். பஸ்தியான் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"கிட்டப் போகாதீங்க. உங்கட பாரத்துல மத்தப் பக்கமும் விழும். பலகையைப் போட்டுப் படுங்க."

விளிம்பில் பலகை போட்டு இரண்டு பேரும் குப்புறப் படுத்தோம். அவன் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்க, காக்கா கக்கத்தில் மாட்டினார். இழுக்கவில்லை, பிடித்து மட்டும் நின்றோம். பிறகு பஸ்தியான் மெல்ல உள்ளே இறங்கிச் சிரட்டையால் மணலை அள்ளினான். நான் மேலே கயிறு. பூரணம் என் காலைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. காக்கா கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தார். இடுப்பு வந்தது. முழங்கால் வந்தது. பிறகு மூன்று பேரும் மேலே, மல்லாந்து கிடந்தோம்.

காக்கா முதலில் கேட்டது பீடி.  நான்தான் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

நாளைக்கு வேண்டாம், வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கிணற்று வாயை அகலமாக்கி வெட்டித் தந்தால் தானே முடிப்பதாகச் சொன்னார்.

பஸ்தியானின் உள்ளங்கை இரண்டும் கயிற்றில் உரிந்து கிடந்தது. பூரணம் தேங்காயெண்ணெய் பூசினாள். எனக்கும் பூசினாள்.

ஜூலை 24, சனி

தண்ணீர். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. கலங்கல், ஆனால் நல்லது. மிஸ்ஸி ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கினாள். தலையை ஆட்டினாள்.

பின்னேரம் அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு போதுமா, ஆள் நிற்கும்போதே இன்னும் ஐந்தாறு அடி இறக்கிவிடலாமே என்றார். முந்திய இரண்டு கிணற்றிலும் இதே பேச்சு, இதே நேரம். மாட்டேன் என்றேன். எழுத்தில் கேட்டாலும் மாட்டேன் என்றே எழுதித் தருவேன் என்றேன். என் வாயா என்று எனக்கே ஆச்சரியம். முகம் கறுத்துப் போனார். உப்பாகினால் பொறுப்பு உன்னுடையது என்றார். ஓம் என்றேன்.

ஜூலை 28, புதன்

தினமும் விடிய எழும்பிப் போய் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். பழைய கிணறுகள் காலைவாரிய நாள் கடந்துவிட்டது. நல்லது. நேற்றும் நல்லது. இன்றும். மாலையில் அள்ளித் தீர்த்தாலும் காலையில் அதே உயரம்.

வார்டைப் பூட்டவில்லை. இன்று உத்தரவு வந்துவிட்டது. மிஸ்ஸியின் கதிரை பீப்பாவுக்குப் பக்கத்தில் இல்லை. நிழலில் போட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் வந்தேன்.

ர.வுக்கு எழுத வேண்டும். முள்ளுக்கம்பியைப் பற்றியும் ஒரு வரி.

ஓகஸ்ட் 1, ஞாயிறு

கச்சான் நின்று போன மாதிரி. வாவி கண்ணாடி.

கமலத்தையும் கூட்டிக்கொண்டு பூரணத்தின் வீட்டில் சாப்பாடு. பெண்கள் இருவரும் குசினிக்குள் போனவர்கள் வெளியே வரவேயில்லை. பேச்சு மட்டும் கேட்டது. நானும் பஸ்தியானும் வெளியில். அவன் கையில் புதுத் தோல் வளர்ந்து வருகிறது. கிணற்றுக் கப்பிக்கு இரும்பு அச்சு அடித்துக்கொண்டிருக்கிறானாம். மச்சான், அச்சு எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன். காட்டினான்.

மீன் குழம்பு. முதல் வாயிலேயே தெரிந்தது, உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறாள். கமலம் என்னைப் பார்த்தாள். பஸ்தியான் தலை நிமிராமல் சாப்பிட்டான். நானும் பேசாமல் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். கடைசியில் பூரணம் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். வைத்துவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் சொல்லயில்லயே," என்றாள்.

சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் கேட்டேன்.