அந்த முதல் செட்

ஷிம்கெண்ட், கஜகஸ்தான்
15 செப்டம்பர் 2025, திங்கள் மாலை

என் ஜுவைரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் இஃபாத்தும் வாப்பாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

தகுதிச்சுற்றில் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டேன். நாளை ஒற்றையர் முதன்மைச் சுற்று. முப்பத்திரண்டு பேரில் உலகத் தரவரிசையில் கடைசி ஆள் நான்தான், நானூற்றுப் பன்னிரண்டு. முதல் ஆட்டமே இந்தப் போட்டியின் மூன்றாம் நிலைக்காரனோடு. வாப்பாவிடம் சொல், ஆனால் ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்.

போனை அணைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் மெயில். என் ஆட்டத்தில் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் எங்கிருந்தோ நம்பரைப் பிடித்துத் திட்டி அனுப்புகிறார்கள். இங்கே ஆடுகிற எல்லோருக்கும் வருவதுதான். நீ என் இன்ஸ்டா பக்கத்தைப் பார்க்காதே.

இன்னொன்று. இந்த வாரம் இஃபாத்தைப் பள்ளியிலிருந்து நீயே அழைத்து வா, வேனில் விட வேண்டாம். வீட்டுப் பக்கம் புதிதாக யாராவது வந்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உன்
ஷகீல்


கோவில்பத்து, காரைக்கால்
16 செப்டம்பர், செவ்வாய்

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மாஷா அல்லாஹ், மூன்றாம் நிலைக்காரனை நேர் செட்டில் சாய்த்துவிட்டீர்கள். நான் பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்துவிட்டு வந்து லேப்டாப்பை டிவியில் மாட்டினேன். மாமா கடைசி கேம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்த்தார்கள். ஊரில் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் வாசித்துக் காட்டுவதற்குள் அவர்கள் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. இஃபாத்துக்குப் போன வாரம் காது வலி இருந்ததே, இப்போது எப்படி என்று ஒரு வரி கேட்கவில்லை. வேனில் விடாதே என்று மட்டும் எழுதுகிறீர்கள். ஏன்?

வீட்டுப் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டீர்கள். வந்தார்கள். சனிக்கிழமை இரண்டு பேர் பைக்கில் வந்து, எதிர்த் தையல் கடை அல்லியக்காவிடம், டென்னிஸ் ஆடுகிறவர் வீடு எது என்று விசாரித்திருக்கிறார்கள். அக்கா காட்டியிருக்கிறது. கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் என்றுதான் நான் நினைத்தேன். சனிக்கிழமை நீங்கள் தகுதிச்சுற்றுகூட ஆடவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அப்போதிலிருந்து கை வேலை ஓடவில்லை. மறைக்காமல் எழுதுங்கள்.

ஜுவைரியா


ஷிம்கெண்ட்
17 செப்டம்பர், புதன் காலை

ஜுவைரியா,

இஃபாத்தின் காதைக் கேட்க மறந்தது என் தப்பு. நீ கேட்டபடி எழுதுகிறேன். முதலில் உட்கார், பிறகு படி.

ஞாயிற்றுக்கிழமை, நான் முதல் தகுதி ஆட்டம் ஜெயித்த பிறகு, ஒரு போட்டோ வந்தது. நம் கேட். அதற்குள்ளே இஃபாத் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே ஒரு எழுத்தும் இல்லை. நேற்று ஜெயித்துவிட்டு அறைக்கு வந்து போனைத் திறந்தேன். அதே போட்டோ திரும்ப வந்திருந்தது. இந்தத் தடவை ஆங்கிலத்தில் மூன்று வரி: வியாழக்கிழமை இரண்டாம் சுற்றில் முதல் செட்டை விட்டுவிடு. அதற்குப் பிறகு மேட்சை ஜெயித்துக்கொள், எங்களுக்குக் கவலையில்லை. பெண் அழகாக இருக்கிறாள்.

இப்படிக் கேட்டு யாராவது வந்தால் உடனே போட்டி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தாலே தடை. எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன விஷயம் அவன் காதுக்குப் போனால் என்ன செய்வான்? நான் இருப்பது எங்கோ, நீங்கள் இருப்பது எங்கோ. நேற்று சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

கணுக்கால் பிசகிவிட்டது என்று சொல்லி விலகிவிடலாமா என்று பார்க்கிறேன். நீ இஃபாத்தை அழைத்துக்கொண்டு நாகூருக்கு உன் உம்மா வீட்டுக்குப் போய்விடு. வாப்பாவிடம் மூச்சுவிடாதே. அவருக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது.

ஷகீல்


கோவில்பத்து
17 செப்டம்பர், புதன் மாலை

மச்சான்,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். பிறகு எட்டாம் வகுப்புக்குப் போய்க் கரும்பலகை முன்னால் நின்றேன். என்ன எழுத வந்தேன் என்று ஞாபகம் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் நாகூர் போகவில்லை. இங்கே வரத் தெரிந்தவனுக்கு அரை மணி தூரத்தில் நாகூர் வரத் தெரியாதா? மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள். அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்கள்.

போனோம். சுகிர்தா என்று ஒரு எஸ்.ஐ. அம்மா. முழுக்கக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அல்லியக்கா வந்து பைக்கின் அடையாளம் சொன்னது. வீட்டுப் பக்கம் ரோந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பைக் நம் தெருவில் மெதுவாகப் போய்த் திரும்பியபோது, நான் இஃபாத்தை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். சமையல் கேஸ் புக்கிங் எடுக்க வந்த பையனாம். இஃபாத் கண்ணாமூச்சி என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எஸ்.ஐ. அம்மா கடைசியில் ஒன்று கேட்டார்கள். "அத்தனை பேர் ஆடுறாங்க, உங்க வீட்டுக்காரரை மட்டும் ஏம்மா புடிச்சான்? இதுக்கு முன்னாடி பழக்கம் எதுவும் உண்டா?" இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே கேள்வி என்னைக் குடைகிறது. போன வருடம் துனிசியாவிலிருந்து வந்து ஒரு வாரம் நீங்கள் யாரிடமும் பேசவில்லை. தோற்ற வருத்தம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அங்கே நீங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்கவில்லையே, இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தீர்களே.

நாளை ஜெயிப்பதும் தோற்பதும் அல்லாஹ் நாடியபடி. அவன் சொன்னதற்காக மட்டும் தோற்காதீர்கள். ஆடுவதற்கு முன்னால் அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள்.

ஜுவைரியா


ஷிம்கெண்ட்
18 செப்டம்பர், வியாழன் மாலை

ஜுவைரியா,

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

துனிசியாவில் ஒரே ஒரு கேமை விட்டுக்கொடுத்தேன். கூடப் பயிற்சி செய்த ஒருவன் கேட்டான். "ஒரு கேம்தானே, மேட்ச் உன்னுடையதுதான்" என்றான். அப்போது ஊர் திரும்ப டிக்கெட்டுக்கே வழியில்லாமல் இருந்தேன். இரண்டு டபுள் ஃபால்ட் போட்டேன், இரண்டு பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மேட்சை ஜெயித்தும் கை குலுக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது பணம் வாங்கிக்கொண்டவன் இப்போதும் மறுக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்று காலை போட்டி அதிகாரியிடம் போனேன். மிரட்டலைச் சொன்னேன், போனைக் கொடுத்தேன். துனிசியாவைச் சொல்லவில்லை. ஆடி முடித்துச் சொல்லலாம் என்று ஒரு ஆசை. ஆட வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்றார். ஆடுகிறேன் என்றேன்.

நீ பார்த்திருப்பாய். முதல் செட்டுக்காக நான் ஓடிய ஓட்டம் என் வாழ்க்கையில் ஓடியதில்லை. ஒவ்வொரு பாயிண்டிலும் இதை விட்டால் அவன் ஜெயித்துவிடுவான் என்று நினைத்தேன், எடுத்தால் இஃபாத்துக்கு என்ன ஆகும் என்றும் நினைத்தேன். டை பிரேக்கில் ஐந்துக்கு ஆறு. முதல் சர்வ் வலையில் பட்டது. இரண்டாவதுக்குப் பந்தை மேலே போட்டபோது என் கை என்னுடையதாகவே இல்லை. கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்தது.

டபுள் ஃபால்ட்டில் செட் போனது. அவன் கேட்டதே நடந்தது.

அடுத்த இரண்டு செட்டையும் எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆறு நான்கு, ஆறு மூன்று. வெளியே வந்ததும் அதிகாரி என் போனைக் காட்டினார். முதல் செட் முடிந்த நிமிடமே செய்தி வந்திருந்தது: நன்றி. அடுத்த தடவையும் சேர்ந்து வேலை செய்வோம்.

அந்த அறையில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையாகத்தான் தோற்றேன் என்று சொன்னேன். "இதற்கு முன்னால் எப்போதாவது?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

நாளை என் வாழ்க்கையின் முதல் காலிறுதி. விலகிக்கொள்ளச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடிந்து தடை வரும். எத்தனை வருடம் என்று தெரியாது. எனக்கு இருபத்தொன்பது வயது. அதற்குப் பிறகு ஆட எதுவும் இருக்காது.

அவர்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்த முதல் செட்டை நீ நம்புகிறாயா?

ஷகீல்


கோவில்பத்து
19 செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எஸ்.ஐ. அம்மா காலையில் கூப்பிட்டார்கள். பைக்கில் வந்த இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பையன்களாம். போனில் யாரோ கேட்டார், போட்டோ எடுத்து அனுப்பினோம், எதற்கென்று தெரியாது என்கிறார்களாம். கேட்டவன் யார் என்று இன்னும் தெரியவில்லை. அதனால் பயம் போகவில்லை. இஃபாத்தை இன்றும் நானே அழைத்து வந்தேன், வழியில் நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த டபுள் ஃபால்ட்டைப் பார்த்தபோது எனக்கும் சந்தேகம் வந்தது. மறைத்து என்ன செய்ய? மாமாவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு நீங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். கேமரா உங்கள் காலைக் காட்டியது. வலது முழங்கால் அடித்துக்கொண்டிருந்தது, நீங்கள் கையால் அழுத்தியும் நிற்கவில்லை. இஃபாத் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்தக் கால் அப்படித்தான் ஆடியது என்று உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு நடிக்கத் தெரியாது. நம்புகிறேன்.

ஆனால் துனிசியாவை என்னால் உடனே விழுங்க முடியவில்லை. பதினான்கு மாதம் ஒரே பாயில் படுத்திருந்தோம். டிக்கெட்டுக்கு வழியில்லை என்று என்னிடம் கேட்டிருக்கலாம், என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். அதைவிட, நடந்ததைச் சொல்லியிருந்தால் நேற்று முன்தினம் ஒரு போலீஸ்கார அம்மாவிடம் நான் அவ்வளவு திடமாக இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்று காலை அவர்களைக் கூப்பிட்டு, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவர்கள் திருத்தி எழுதிக்கொள்கிறேன் என்றார்கள். போனை வைத்த பிறகு அழுதேன். அதற்காக உங்களை விட்டுவிட முடியுமா? கோபம் இருக்கிறது. நீங்கள் வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு மிரட்டல் மட்டும்தான் தெரியும். நீங்கள் பயந்து விலகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து யாரோ கேட்டதற்கு, "எம்புள்ளை புள்ளைக்காக வெலகிட்டான், விளையாட்டு அப்புறம் விளையாடிக்கலாம்" என்று சொன்னார்களாம். வந்து என்னிடமும் அதையே சொன்னார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மற்றதை நான் சொல்ல மாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை திருச்சி விமான நிலையத்துக்கு நானும் இஃபாத்தும் கார் பிடித்து வருகிறோம். மாமாவும் வருகிறேன் என்றார்கள், வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் குளித்து, சாப்பிட்டு, பிறகு அவர்கள் முன்னால் உட்காருங்கள். நானும் பக்கத்தில் உட்காருவேன். நீங்கள் நடுவில் நிறுத்தினால் நான் எடுத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எழுந்தும் போக மாட்டேன்.

அதுவரை இரண்டு நாள் அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஜுவைரியா