தாடை வலி என்றீர்கள்

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்குப் பயிற்சி. மார்பை அழுத்திப் பழகும் பொம்மையை மேசைமேல் கிடத்தியதும் எழுந்த ரப்பர் வாடை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. "சிஸ்டர், நீங்க செஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டர். செய்து காட்டினேன். கைகள் இங்கே இருந்தன. நான் உங்கள் வீட்டில் இருந்தேன்.

ஒரே வார்டில் வேலை செய்து, ஒரே தேர்வில் சேர்ந்து தோற்றவர்கள் நாம். வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கான அந்த உரிமத் தேர்வின் முடிவைச் சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் போனில் பார்த்தோம். பூந்தமல்லியில் அழ ஆரம்பித்த நான் நிறுத்தவே இல்லை. சுங்குவார்சத்திரத்தில் நீங்கள் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தீர்கள். "அழுது முடிச்சிட்டியாம்மா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடு. மறுபடியும் முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டு முன்கட்டில் மாமா தறி நெய்வார். பின்னறையில் நாம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று நீங்கள் கேள்விகளைக் கத்தித்தான் படிப்பீர்கள். "ஊருக்கே பரீட்சை வெச்சிக்கினு இருக்கியா?" என்று மாமா அங்கிருந்து குரல் கொடுப்பார். நமக்குச் சிரிப்பு அடங்காது.

அந்த ஞாயிறு இதயப் பாடம். ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "தாடை வலிக்குதுபா. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது."

அடுத்த கேள்வி என்று நினைத்து நான் விடை சொல்லத் தொடங்கினேன். "மாரடைப்பு. பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலும்…"

"கேள்வி இல்லமா. எனக்குத்தான்."

நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் நெற்றி முழுக்க வேர்வை. "ஆம்புலன்ஸுக்கு போன் அடி" என்று வார்டில் சொல்வதைப் போலவே நிதானமாகச் சொன்னீர்கள். நான் பேசி முடிப்பதற்குள் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிட்டீர்கள். நாடி இல்லை. தரையில் கிடத்தி மார்பை அழுத்தத் தொடங்கினேன். தறி நின்றது. வாசற்படியில் மாமா. "இன்னாமா பண்ற அவள? இன்னாமா ஆச்சு?" பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க சிஸ்டர். அடைப்பு ரொம்பப் பெருசு" என்றார் ஆஸ்பத்திரியில் நம் டாக்டர்.

சரியாகச் செய்தேன். புத்தகத்தில் இருப்பதைப் போலவே செய்தேன். நாற்பதுகூட ஆகாத நீங்கள் இறந்துபோனீர்கள். விடை சரியாக இருந்தால் நோயாளி பிழைத்துவிடுவார் என்று நம்பித்தானே அக்கா நாம் படித்தோம்?

அதன்பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு சாயங்காலம் மாமா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமை வந்து படிம்மா. வீடு சத்தமே இல்லாம கெடக்குது. தறியில உக்கார முடியல."

போனேன். கேள்வியும் நானே, விடையும் நானே. சில நாள் பாதிக் கேள்வியில் நின்றுவிடுவேன். "ஏம்மா நிறுத்திட்ட?" என்பார் மாமா.

போன மாதம் தேறிவிட்டேன். முடிவைப் பார்த்ததும் என் விரல் தானாகவே போனில் உங்கள் பெயருக்குப் போனது. நேரே மாமாவிடம் போய்ச் சொன்னேன். தறியை நிறுத்தினார். "அவளும் எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பாதானே?"

"என்னவிட நல்லாவே பண்ணியிருப்பாங்க மாமா."

தலையாட்டிவிட்டு மறுபடியும் தறியை ஓட்டத் தொடங்கினார்.

விசா வரும்வரை இங்கேதான் வேலை. தாடையில் கை வைத்தபடி எந்தப் பெண் வந்தாலும் நான் ஈசிஜி எடுக்காமல் விடுவதில்லை. "பல்லுவலிக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம்?" என்று சலித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பல்வலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாளில் கோடு ஒழுங்காக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு முறையும், எனக்கு மூச்சு வருகிறது.