கட்டம் போட்ட சட்டைப் படத்தை அழித்துவிடாதே

அன்பு மகள் சிட்டுவுக்கு உன் சித்தப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாயா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன், பதிலை அப்புறம் சொல். முதலில் கையில் போன் இருந்தால் அதைக் கீழே வை. அதிலிருந்து ஒரு படத்தைக்கூட அழிக்காதே. அழிக்க உட்கார்ந்திருந்தால் அப்படியே எழுந்துவிடு, இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போனைத் தொடு. சித்தப்பா வழக்கம்போல ஊதிப் பெரிசாக்குகிறார் என்று நீ சிரிப்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. போன மாதம் அவசரம் அவசரம் என்று உன்னைக் கூப்பிட்டு மாடியில் பூத்த ரோஜாவைக் காட்டினேன், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அந்த ரோஜா ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. இது ரோஜா இல்லை. இதில் ஒரு மனிதனுடைய சோறு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி போனில் பேசும்போது நீ என்ன சொன்னாய், போனில் இடமே இல்லை, புதிதாக எதுவும் உள்ளே வரவில்லை, முக்கால்வாசி இடத்தை உங்கள் படங்கள்தான் பிடித்திருக்கிறது, லீவு விட்டதும் உட்கார்ந்து மொத்தத்தையும் ஒழித்துக்கட்டுகிறேன் என்றாய். நானும் பெருந்தன்மையாகச் சரி ஒழி என்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததற்கு அப்புறம் சித்தி போனிலிருந்து எத்தனை செய்தி அனுப்பினேன் தெரியுமா, எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது, போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உன் வேலை இடத்துக்குள் போக வேண்டும் என்று நீ சொன்னது அப்புறம் ஞாபகம் வந்தது. நீ தூங்கும்போது நாங்கள் விழித்திருக்கிறோம், நாங்கள் தூங்கும்போது நீ வேலையில் இருக்கிறாய். நல்லவேளையாக எதிர்வீட்டு டெய்லர் அம்மா மகன் இன்று சாயங்காலம் உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான். அவன் போய் இறங்கும்போது உன் லீவு ஆரம்பிக்க ஒரு நாள் மிச்சம் இருக்கும். நேராக உன் வாசலில் போய் நின்று கையில் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பட்டறை நெட்டையனை உனக்கு மறந்திருக்காது. நீ இங்கிருந்து கிளம்பிய அன்று லிப்ட் வேலை செய்யாமல் உன் இரண்டு பெட்டியையும் தோளில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினானே, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, என் தலைக்கு ஒண்ணும் இல்ல, உங்க நிலைப்படிதான் பாவம் என்று சிரித்தானே, அவன்தான். கதவுக் கீலுக்கு ஓட்டை போடுகிற பெரிய பிரஸ் மெஷின் அவன் பொறுப்பு. அந்த மெஷினின் வாய்க்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பிவலைக் கதவு இருக்கும், அது மூடினால்தான் மேல்கட்டை இறங்க வேண்டும், கை உள்ளே போகாமல் காப்பதற்கு. ஒவ்வொரு கீலுக்கும் அதைத் திறந்து மூடினால் வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது என்று மழைக்காலத்திலேயே மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டார். எல்லோரும் பார்த்தோம், நானும் பார்த்தேன், தினமும் அதன் மேல்தான் என் சாப்பாட்டுப் பையை மாட்டுவேன். போன மாதம் ஒரு நாள் நெட்டையன் கை உள்ளே இருக்கும்போது கட்டை இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பட்டறையே இரத்தத்தில் மிதந்தது என்று எழுத வந்தேன், அப்படி இல்லை, இரத்தம் கொஞ்சம்தான், அவன் கத்தவும் இல்லை, கையைப் பார்த்துக்கொண்டே நின்றான், அதுதான் எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலமே அந்த மஞ்சள் கதவு படிக்குக் கீழேயிருந்து எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டது. இனிமேல் யாருக்கும் ஆகக் கூடாதே என்று மாட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் மேனேஜரே முன்னால் நின்று கட்டினார், அவனைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டார், யார் சந்தேகப்படுவார்கள் சொல்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். வண்டியில் ஏற்றுகிற ஒவ்வொரு பெட்டியையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பது என் வேலை, போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டி நசுங்கியிருந்தது என்று எவனும் நாக்கில் நரம்பில்லாமல் பேசக் கூடாது என்பதற்காக. பெட்டி அடுக்குகிற இடத்துக்கு நேர் பின்னால்தான் நெட்டையனின் மெஷின். ஆகையால் நான் எடுத்த படம் எல்லாவற்றிலும் முன்னால் பெட்டி, பின்னால் மெஷின். அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, இடம் இல்லை இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டும். விபத்து நடந்த மறுவாரம் மேனேஜர் என் மேசைக்கே டீயோடு வந்தார். பழைய லோடு படங்களை எல்லாம் எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பறக்கும், இந்த ஆபீஸில் உங்களை விட்டால் இதற்கு ஆள் யார் என்றார். எட்டாவதோடு நின்றவன் என்று பேர்தானே தவிர, அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பட்டம் வாங்கியவர்கள்கூட என் நாற்காலிக்குத்தான் வர வேண்டும், உனக்கே தெரியும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் தூக்கினேன். எல்லாம் போயிடுச்சா என்று கேட்டார். சும்மா அழித்தால் அது குப்பைத்தொட்டியில்தான் போய்க் கிடக்கும் சார், யார் வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவிடலாம், இடமும் மிச்சமாகாது, தொட்டியையும் காலி செய்தால்தான் நிரந்தரம் என்று நானே சொல்லிக் கொடுத்தேன், சிட்டு, நானே. காலி செய்தும் காட்டினேன். கம்பெனி கொடுத்த என் போனையும் கேட்டார், அதில் இருந்ததையும் துடைத்தேன், அதற்குள் ஒளிந்திருக்கிற தொட்டியையும் விடவில்லை. இனி பிரம்மாவே வந்தாலும் ஒரு படத்தைத் திரும்ப எடுக்க முடியாது சார் என்று மார்தட்டினேன். அவர் என் முதுகில் தட்டிவிட்டு எழுந்தார். டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன்.

அடுத்த வாரம் நெட்டையன் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து தபால் போனது. மெஷினில் காப்புக் கதவு எப்போதும் இருந்தது, சீக்கிரம் முடிப்பதற்காக அன்று அவனாகவே கழற்றிவிட்டு வேலை செய்தான், தப்பு அவன் மேல், ஆகையால் நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை என்று. அதே நாள் அவன் மனைவி நம் வீட்டுக்கு வந்தாள். சித்தி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அண்ணே, நீங்க தினமும் போட்டோ எடுப்பீங்களே, அதுல அந்த மெஷின் தெரியும்ல என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். தொண்டையில் சரியான பதில் வந்து நின்றது, வாய் வேறு ஒன்றைச் சொன்னது. ஒண்ணா ரெண்டா, ஆயிரம் இருக்கு என்கிட்ட, நீ தைரியமா போம்மா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் சித்தி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எங்க இருக்கு அந்த ஆயிரம் என்று மட்டும் கேட்டாள்.

நெட்டையன் மனைவி போன கையோடு தொழிலாளர் ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டாள், சாட்சி இருக்கிறது, அண்ணன் படம் கொண்டுவருவார் என்று. வரும் புதன்கிழமை விசாரணை, என்னை நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தச் சேதி மேனேஜர் காதுக்கும் போய், மறுநாளே புதுப் போன் தருகிறோம் என்று என் போனை வாங்கிக்கொண்டார்கள், புதுசு இன்னும் வரவில்லை. நடையில் என்னைப் பார்த்து மேனேஜர், என்ன, ஆயிரம் படம் வச்சிருக்கீங்களாமே என்று சிரித்தார். அவருக்குத்தான் தெரியுமே என்ன வைத்திருக்கிறேன் என்று. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் போய் விசாரித்தேன், அழித்த இடத்தின் மேல் புதிதாக வேறு எதையாவது ஏற்றிவிட்டால் பழையது எழுந்திருக்காது என்றான். அந்தக் கம்ப்யூட்டரில் காலியான இடத்தில் போன வாரமே புதுக் கணக்குப் புரோகிராம் ஏற்றியாகிவிட்டது, மேனேஜர் சொல்ல ஏற்றியது யார் என்று நீ கேட்க வேண்டாம். பட்டறையில் மற்றவர்கள் நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பேனரைத் தேடுகிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அப்படியே நேற்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ அனுப்பிய சட்டை கொடியில் காய்வதைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. பார்சல் வந்த மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன், நெட்டையனைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லி அந்த நிமிஷமே உனக்கு அனுப்பினேன். வெறும் சுவர் முன்னால் நின்றால் எடுப்பாக இருக்காது என்று மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இந்த மெஷினே என் கையில்தான் ஓடுகிறது என்று கீழே எழுதியும் இருப்பேன், அதை விடு. ஒரு கையை மெஷின் மேல் வைத்திருப்பேன், இன்னொரு கை வயிற்றின் மேல், மந்திரி மாதிரி. என்னைப் பார்க்காதே, எனக்கு வலதுபக்கம் பார். மெஷினின் வாய் பளிச்சென்று திறந்து கிடக்கும், மஞ்சள் கதவு இருக்காது. பார்சல் நீ அனுப்பியது எப்போது என்பதற்கு ரசீது உன்னிடம் இருக்கும், நான் படம் அனுப்பிய தேதி உன் போனிலேயே இருக்கும், விபத்துக்கு எவ்வளவோ மாதத்துக்கு முன்னால். அன்றே அந்தக் கதவு அங்கே இல்லை என்றால் விபத்தன்று அவன் கழற்றினான் என்பது எப்படி நிற்கும். சூப்பர் சித்தப்பா, ஹீரோ மாதிரி இருக்கீங்க என்று நீ பதில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா.

அழிக்கவில்லை என்றால் கடவுள் புண்ணியம். அழித்துவிட்டாய் என்றாலும் பதறாதே, போனுக்குள்ளும் ஒரு தொட்டி உண்டு, அழித்த படம் கொஞ்ச நாள் அதில் கிடக்கும், அதைத் திறந்து படத்தை அழுத்தினால் திரும்ப வைக்கவா என்று கேட்கும், வை. நிரந்தரமாக அழிக்கவா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல். இந்த விஷயத்தில் உன் சித்தப்பா கரைகண்டவன், அதற்கு என்னிடம் சாட்சியும் இருக்கிறது, பார்த்தாயா. இடம் வேண்டும் என்றால் பாட்டை அழி, விளையாட்டை அழி, ரோஜாவை அழி. படம் கிடைத்ததும் சித்தி நம்பருக்கு அனுப்பு, அதோடு விடாமல் உன் கம்ப்யூட்டரிலும் ஒன்று போட்டு வை, ஒரே இடத்தில் இருப்பது இருப்பதாகாது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அழகாக இருக்கட்டும் என்று என்னை வெட்டுவதோ வெளிச்சம் கூட்டுவதோ எதுவும் செய்யாதே, வந்தது வந்தபடி இருக்கட்டும்.

சித்தி உனக்கு எழுதச் சொன்னது, நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் படு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நெட்டையன் இப்போது இடது கையால் எழுதிப் பழகுகிறான், கையெழுத்து என் கையெழுத்தை விட நன்றாகத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் வந்தாலும் வராவிட்டாலும் புதன்கிழமை நான் போகிறேன். வேலை போகும் என்று எனக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். அங்கே போய் என்ன பேசுவது என்று நேற்று சித்தி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மழைக்காலத்துல இருந்தே அந்தக் கதவு அங்க இல்ல, படத்துல எல்லாம் அது இல்லாதது தெரிஞ்சுது, மேனேஜர் அழிக்கச் சொன்னாரு, என் கையாலதான் அழிச்சேன். சொல்லிவிட்டு நின்றேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். கண் காது மூக்கு வைக்காம நீங்க ஒரு விஷயம் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன் என்றாள், அப்புறம் எழுந்து போய் அந்தச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

டெய்லர் அம்மா மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நிற்கிறான், டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பா இருந்திருந்தால் எப்படி வாழ்த்துவானோ அப்படி அவனுக்கும் சேர்த்து நான் வாழ்த்துகிறேன். புதன்கிழமைக்கு முன்னால், மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
சித்தப்பா

படத்தைத் தேடும்போது அடையாளத்துக்கு: வயிற்றின் மேல் கை வைத்திருப்பேன் என்று சொன்னேனே, அது மந்திரி மாதிரி நிற்பதற்காக இல்லை. அந்த இடத்தில் பொத்தான் போடவில்லை. சட்டை கச்சிதமாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன், ஒரு சுற்று சின்னது. புதன்கிழமையும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.