இரண்டு பக்கமும் ஒரே ஓநாய்

காஸ்டீல், 1291

அன்பு மனைவிக்கு,

நம் கல்லறைச் சிற்பத்தில் என் காலடியில் வேட்டைநாய்தான் படுத்திருக்கும் என்று மூன்று நாள் ஆலோசனைக்குப் பின் முடிவெடுத்துவிட்டேன்.

சுற்றிலும் நம் இரு வீட்டுக் குலச்சின்னங்களையும் செதுக்கியாயிற்று. பார்க்க வந்த ஆயர் குனிந்து எண்ணினார்.

"என்ன பிரபு, உங்க பக்கமும் ஓநாய், உங்க வீட்டம்மா பக்கமும் அதே ஓநாயா?"

"ஒரே கொள்ளுத்தாத்தா, சாமி. பெரிய வம்சம்னா அப்படித்தான்!"

"அப்ப சொந்தத்துல கட்டியிருக்கீங்க. திருச்சபை ஒத்துக்காதே. கல்யாணத்தப்பவே தெரியுமா?"

என் குலம் எனக்கே தெரியாது என்று கல்தச்சன் முன்னால் சொல்ல முடியுமா?

"தொட்டில்லயே தெரியும்!" என்றேன்.

தெரியாமல் மணந்திருந்தால் பிள்ளைக்குப் பாதகமில்லையாம். நேற்று தீர்ப்பு வந்தது. நம் திருமணம் செல்லாது. மகன் நூனியோ வாரிசு அல்ல; எனக்குப் பின் கோட்டை என் தம்பிக்கு.

திராட்சை அறுவடை முடிந்தாலும் நீ உன் அண்ணன் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் உறவினன்