எர்த் கம்பி

மல்லசமுத்திரம்
வியாழக்கிழமை

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதுவது. நான், நிலா, மாமா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் போர்வெல் ரிக் லாரிக்குச் சாமான் கொண்டுபோகிற அன்பரசு நாளை விடியற்காலையில் ராய்ப்பூருக்குக் கிளம்புகிறான். ரிக் வண்டிக்குப் போனதும் இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றான். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். மோட்டார் கொட்டாய் என்று நான் வாயெடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் நின்று நேற்றுதான் வடிந்தது. எருமை ஈன்று பத்து நாள் ஆகிறது, கிடாக்கன்று. நிலாவுக்கு முன்பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டும் என்று யாரையும் தொடவிடுவதில்லை.

அத்தை போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். மோட்டார் கொட்டாய் வாசலில் அவர்கள் விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றி மாமா முள் வெட்டிப் போட்டு அடைத்திருப்பது உங்களுக்குத் தெரியாது. கருமாதி முடிந்த மறுநாள் போன நீங்கள் திரும்பி வரவே இல்லையே. வேறு யாரையும் அவர் உள்ளே விடுவதில்லை. காலையில் மும்முனைக் கரண்ட் வந்ததும் அவரே போய் மோட்டாரைப் போடுவார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் அரைமணி நேரம் நிற்பார். கண் மூடியிருக்கும். கால் விரல்கள் மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "உங்கத்தை காலைப் புடிச்சுக்கிட்டு இருக்கறா, சாமி. அவ வுட்டதும் வந்தர்றேன்" என்றார். வயதான காலத்தில் துணை போன துக்கம் என்று விட்டுவிட்டேன்.

போன மாத மழைக்குப் பிறகு மண்புழுக்கள் வர ஆரம்பித்தன. பட்டப்பகலில், முள்ளைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும், நூற்றுக்கணக்கில் மண்ணை விட்டு மேலே வந்து நெளிந்தன. வெயிலில் காய்ந்து செத்தனவே தவிர ஒன்றுகூடத் திரும்ப உள்ளே போகவில்லை. இவ்வளவு புழு கிடந்தும் கோழிகள் கொத்த வரவில்லை. எருமையை அந்த வழியாக ஓட்டினால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்று நடுங்கும்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிலாவைக் காணோம் என்று தேடினேன். வாய்க்காலுக்குள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். பாதம் இரண்டும் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. அழக்கூட இல்லை. "அப்பத்தா என்ற காலைப் புடிச்சுக்கிட்டாங்கம்மா. வுடவே இல்ல" என்றாள். மாமா என்னிடம் சொன்னதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் மாமா திருச்செங்கோடு போன நேரம் பார்த்து, வயர்மேன் அருணகிரி அண்ணனை வரச்சொன்னேன். அவர் முள்ளை ஒதுக்கி உள்ளே போய், மோட்டாரைப் போட்டு, ஈர மண்ணில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. போர்க் குழாயில் கேபிள் உரசித் தோல் உரிந்து கரண்ட் மண்ணில் இறங்குகிறதாம். எர்த் இருந்தால் அது இழுத்துக்கொள்ளும், ஆனால் ஸ்டார்டர் பெட்டியில் எர்த் கம்பியே இல்லை என்றார். யாரோ கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்து, மீதித் துண்டுக்குச் சிவப்பு டேப் சுற்றியிருந்தார்கள். "சும்மா நின்னா கூசும், அவ்வளவுதான். ஈரக்கையோட பொட்டியத் தொட்டா அந்த எடத்துலயே முடிஞ்சிருமுங்க" என்றார்.

நான் மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே எரிகிற லைட்டுக்கு வருவது பச்சை வயர், எர்த்துக்குப் போடுகிற நிறம். முனையில் அதே சிவப்பு டேப். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் போட்ட லைட். வயர் பத்தவில்லை என்று தேடிக்கொண்டிருந்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாலாம் நாள் அத்தை போய்விட்டார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னதை நாம் எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

அருணகிரி அண்ணன் கேபிளை மாற்றி, குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு, புதுசாக எர்த் இறக்கிவிட்டார். இப்போது மண்ணில் டெஸ்டர் எரிவதில்லை. போகும்போது நிலாவுக்கு நடந்ததைச் சொன்னேன். எந்தக் கிழமை என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை சப்ஸ்டேஷனில் பராமரிப்பு வேலை, நம் பக்கம் எந்த லைனிலும் கரண்டே இல்லையாம். யாராவது ஜெனரேட்டர் ஓட்டி, அந்தக் கரண்ட் லைனில் ரிட்டன் வந்திருக்கும் என்றார். நம் பக்கத்தில் ஜெனரேட்டர் இருப்பது இரண்டு மைல் தள்ளிக் கோழிப்பண்ணையில்தான். காப்பி வைத்தேன், குடிக்காமலே போய்விட்டார்.

இன்று காலையில் மாமா வழக்கம்போலப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யாரும் காலைப் பிடிக்கவில்லை என்றார். எர்த் போட்டதைச் சொன்னேன். கம்பி எங்கே போயிருந்தது என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிறகு அவராகவே சொன்னார்.

"அன்னைக்கே பாத்துட்டேன், சாமி. அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. குழந்தை ஓடியாடுகிற இடத்தில் இரண்டு வருடம் அதை அப்படியே விட்டு வைத்தீர்களே என்று சத்தம் போட்டுவிட்டேன். அத்தையின் பிடியை விட மனசு வரவில்லை என்றார்.

சாயங்காலம் அன்பரசு வந்தான். உங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். முதலில் மழுப்பினான். நீங்கள் தரையில் படுப்பதே இல்லையாம். லாரி மேலே ஏறித்தான் தூக்கமாம். குளிக்கும்போதுகூட ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதில்லை என்று மற்ற ஆட்கள் சிரிக்கிறார்களாம். கழற்றினால் கீழேயிருந்து ஒரு கை வந்து பிடிக்கிறது என்று ஒருமுறை அவனிடம் சொன்னீர்களாம். அந்த ஊரில், அவ்வளவு தூரத்தில்.

நிலாவை நான் தூக்கியபோது அவள் பயந்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் எனக்கு மறக்கவில்லை. காலில் ஒரு காயம் இல்லை, சிவந்துகூடப் போகவில்லை. பிடித்தவர்கள் கெடுதல் செய்வதற்காகப் பிடித்திருக்கவில்லை.

மாமா சொல்ல வேண்டாம் என்றதை மீறித்தான் எழுதிவிட்டேன். இனி நீங்கள் அவருக்கு எதையும் மறைக்க வேண்டியதில்லை, அவரும் உங்களுக்கு மறைக்க வேண்டியதில்லை. என்னிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். மாமாவிடம்கூடப் பேச வேண்டாம், பக்கத்தில் வந்து நின்றால் போதும். அன்பரசு திரும்புகிற வண்டியிலேயே ஏறிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்ததும், லாரியை விட்டு இறங்கிப் பூட்ஸைக் கழற்றி மண்ணில் காலை வையுங்கள். கை வந்து பிடித்தால் உதற வேண்டாம். பெற்றவர்கள் கைதானே.

உங்கள் வழியைப் பார்த்தபடி,
தனப்பிரியா