கேட்காதவர்களின் சம்பளம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும். போன கடிதத்தில் என்னைப் பற்றி இருக்கிறேன் என்று ஒரே வார்த்தைதான் எழுதினேன், அதைப் படித்துவிட்டு நீ அன்று சாப்பிடவே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். இந்தத் தடவை நன்றாக இருக்கிறேன் என்றே எழுதுகிறேன், பொய் இல்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னையும் அழ வைத்துவிடுவாய். எழுத்துப் பிழையைப் பார்க்காதே, அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான்.

அப்பாவின் கணக்கு ஆபீஸை அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனிக்கு விற்றுவிடு என்று நீ சொன்னபோது, வரிக் கணக்குக் கொடுக்கும் கடைசித் தேதி போகட்டும், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்றேன் இல்லையா, நேற்றோடு அந்தத் தேதி முடிந்தது. நடந்ததை எல்லாம் ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று மூடி வைத்திருந்தேன். அப்பா போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் தினமும் ஆபீஸுக்குப் போய் வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். அவர் அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தேன், மேஜைமேல் அவர் மூக்குக் கண்ணாடி அப்படியே இருந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பூனை வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தாள். உனக்கு நினைவிருக்கும், வருவதும் தெரியாது போவதும் தெரியாது என்று அப்பா பேர் வைத்த பெண். கண்ணாடிக் கட்டடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். பாதிக் கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது, அவள் போனால் பூட்டுப் போட வேண்டியதுதான் என்று அப்பாவின் பார்ட்னர் சின்ன ஆடிட்டர் தலையில் கை வைத்துவிட்டார்.

அங்கே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டேன், நம் சம்பள நோட்டையும் எடுத்துவரச் சொன்னேன். எண்கள் எனக்குத் தெரியும் அம்மாடி, எழுத்துதான் தகராறு. ஒன்பது வருஷம் உழைத்த பூனையைவிட நேற்று வந்த வாயாடி அதிகம் வாங்குகிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பா முன்னால் போய் நின்று வாடகை ஏறிவிட்டது சார் என்பானே, அவன்தான். அவளுக்கு ஏன் ஏற்றவில்லை என்று கேட்டதற்குச் சின்ன ஆடிட்டர், அவங்க கேட்கலியேம்மா என்றார். ஊரில் உள்ள கடைக்கெல்லாம் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற ஆபீஸில் தனக்கென்று ஒரு பட்டியல் இல்லை. அப்பா கேட்டவர்களுக்குக் கொடுத்தார், கேட்காதவர்களை மறந்துவிட்டார். கெட்ட மனசு இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் அவர் போன பிறகு முதல் தடவையாக அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தாறு வருஷம் நானும் எதையும் கேட்காதவள்தானே. கோபம் வந்ததும்தான் உடம்பில் கொஞ்சம் உயிர் வந்தது.

நேரே பூனை வீட்டுக்குப் போனேன். அந்தச் சம்பளத்தை நாங்களும் கொடுத்தால் இருப்பாயா என்றேன். அங்க நான் கேட்கறதுக்கு முன்னாடியே சொன்னாங்கம்மா என்றாள். அது சுருக்கென்று இருந்தது. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது, மூன்று மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் கூப்பிடப் போக வேண்டும், மீதி வேலையை வீட்டில் முடித்துவிடுவாள், அதை ஒன்பது வருஷமாகக் கேட்கக் கூச்சம். மாடிப்படிக்கு அடியில் மேஜை, நிமிர்ந்தால் தலை இடிக்கும், அதற்கும் கூச்சம். மறுநாளே அப்பா அறையைத் திறந்தேன். கண்ணாடியை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன், அவர் மேஜையில் அவளை உட்காரச் சொன்னேன். மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்றும் சொன்னேன், இருந்துவிட்டாள்.

கொடுக்கப் பணம் வேண்டுமே. மரக்கடைக்காரருக்குப் பதினோரு வருஷமாக ஒரே ஃபீஸ். சின்ன ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் வாசலிலேயே கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணன் இருந்தா இப்படிக் கேட்பாரா என்றார் கடைக்காரர். கேட்க மாட்டார், அதனாலதான் நான் வந்திருக்கேன், இந்தப் பதினோரு வருஷத்துல உங்க பலகை விலை எத்தனை தடவை ஏறிச்சுன்னு சொல்லுங்க என்றேன். சிரித்துவிட்டார், டீ வாங்கிக் கொடுத்து ஒத்துக்கொண்டார். இப்படியே எல்லோரிடமும் ஃபீஸை ஏற்றிக் கேட்டதில் நாற்பத்திரண்டு பேரில் மூன்று பேர் கணக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், போகட்டும், அந்த மூன்றும் பாக்கி வைக்கிற கேஸ். பிறகு யார், எத்தனை வருஷம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னேன். வருஷா வருஷம் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் ஏறும், யாரும் வந்து நிற்க வேண்டாம். சம்பளத்தையா சுவரில் ஒட்டுவார்கள் என்று சின்ன ஆடிட்டர் பதறினார். மறைத்து வைத்துத்தானே இவ்வளவும் ஆச்சு என்றேன். வாயாடி அதைப் பார்த்துவிட்டு, அக்காவைவிட நான் அதிகமாவா வாங்கிட்டிருந்தேன் என்று கேட்டவன் மத்தியானம் வரை வாயே திறக்கவில்லை, அது ஆபீஸ் சரித்திரத்திலேயே முதல் தடவை.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே எல்லாக் கணக்கும் போய்ச் சேர்ந்தது. அப்பா காலத்தில்கூட அப்படி இல்லை. கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் இங்கே வேலை கேட்டு வந்தார்கள், நம் சுவர்ப் பட்டியலின் போட்டோ அங்கே போன் போனாகச் சுற்றுகிறதாம். ஒருத்தியை வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம்.

இன்று காலை புதுப் பட்டியலை ஒட்டினார்கள். கடைசி வரியில் பூனை கையெழுத்தில் அம்மா என்று இருக்கிறது, வேலை வசூல், பக்கத்தில் ஒரு தொகை. எனக்கெதுக்கு, நான் கேட்கவே இல்லையே என்றேன். நீங்க கேட்கலைதான், இங்க அதுதானேம்மா சட்டம் என்றாள் பூனை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா கண்ணாடி என் பைக்குள்தான் இருந்தது, அவருக்கும் கேட்டிருக்கும்.

அதனால் ஆபீஸை விற்கப் போவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள் என்றாயே, அதில் சத்தம் போடாத ஆள் யார் என்று நாளைக்கே பார். மறந்துவிடாதே.

இப்படிக்கு,
சம்பளம் வாங்கும் உன் அம்மா